வாங்கிய விலையும் வைத்திருக்கும் விலையும்

விவாகம் ஒரு நாட் காரியம், இல்லறமோ வாழ்நாட் காரியம் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மோட்டார் வண்டி வாங்குவதும் ஏறக்குறைய அத்தகையதே. வண்டி வந்த அன்று சில்லின் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பார்கள். அயலார் வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் முன்னாசனத்துக்குப் போட்டியிடுவார்கள். அந்த ஆரவாரம் அடங்கிய பின்னர், எட்டு வருடமோ பத்து வருடமோ அவ்வண்டியோடு குடித்தனம் நடத்துவது எங்ஙனம் என்பதை எடுத்துச் சொல்வார் சிலரே.

இன்று இதைப் பேசவேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சு மாதத்தில் எங்கள் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களின் இறக்குமதி, ஐந்தாண்டுகள் கழித்து 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று தொட்டு, நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இராச் சாப்பாட்டின்போது எழும் கேள்வி ஒன்றே: "பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவோமா?" இக்கேள்விக்கு விளம்பரப் பத்திரம் விடை கூறாது. வண்டியை வைத்திருந்த அனுபவமே விடை கூறவேண்டும். ஆதலின், எங்கள் வீட்டு வண்டியின் எட்டு வருடக் கணக்கை வாசகர் முன் விரித்து வைக்கின்றேன்.

வண்டியின் பெயர் இங்கே தேவையில்லை. ஊர் வீதியிற் பத்து நிமிடம் நின்றால் அத்தகைய வண்டிகள் நாலைந்து கண்ணிற் படும். யப்பானில் ஓடிய பின் இறக்குமதியாகி, 2017 ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்றரை லீற்றர் எஞ்சினும், அதற்குத் துணையாக மின் மோட்டாரும் கொண்ட 'ஹைபிரிட்' இனத்தைச் சேர்ந்தது. 'சிறிய எஸ்.யு.வி.' என்று இக்காலத்தவர் அழைக்கும் வகை.

ஜீப்பின் சட்டை அணிந்த கார்

இவ்வகை வண்டியின் பிறப்பை அறிந்தால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பது தெளிவாகும். 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த லாண்ட் றோவர் போன்ற பழைய வண்டிகள், கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் உடலை வைத்துப் பூட்டியவை. சேற்றிலும் மணலிலும் உழைப்பதற்கென்றே பிறந்தவை. 1994 இல் டொயோட்டா கம்பனி 'ராவ்-4' என்னும் வண்டியை வெளியிட்டது. சட்டமும் உடலும் ஒன்றேயான காரின் அமைப்பின்மேல், ஜீப்பின் உயரத்தையும் தோற்றத்தையும் ஏற்றிய வண்டி அது. அடுத்த ஆண்டிலே ஹொண்டாவின் 'சி.ஆர்.-வி' வந்தது. 2013 டிசம்பரில் யப்பானில் வெளியான 'வெசல்' பின்னர் இலங்கை வீதிகளிலும் பெருவாரியாகப் பரவியது. இவையெல்லாம் ஜீப்பின் சட்டையை அணிந்த கார்கள் எனலாம்.

எனவே தோற்றத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. இத்தகைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் விசை முன்சில்லுகள் இரண்டிற்கு மாத்திரமே செல்லும். கடற்கரை மணலிலே இறக்கினால், பக்கத்து வீட்டுச் சிறிய கார் எங்கே புதையுமோ அங்கேதான் இதுவும் புதையும். மாரி வெள்ளத்தில் இறக்கத் துணிவோருக்கு நான் சொல்லக்கூடியது, திரும்பிப் போங்கள் என்பதே. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பு அன்றே கரையும்.

பின் இதனால் என்ன பயன் எனின், உண்மையான பயன் அதன் ஆசனத்தின் உயரமே. எங்கள் தாயாருக்கு முழங்கால் வாதம். முன்பிருந்த தாழ்ந்த காரில் அவரை இருத்தி எடுப்பதற்கு இருவர் வேண்டும்; அவரும் அதற்கு நாணி, கோயிலுக்கும் வைத்தியசாலைக்குமே வர மறுத்துவிடுவார். இவ்வண்டியின் ஆசனம் இடுப்பு மட்டத்தில் இருப்பதால், பிறர் கைபிடியாமல் தாமே ஏறி அமர்கின்றார். எட்டு வருடத்தில் நான் கண்ட இலாபங்களில் இதுவே முதலாவது. குழிகள் நிறைந்த ஒழுங்கைகளில் அடித்தட்டு உரசாமற் செல்வது இரண்டாவது.

உயரத்துக்கு விலையும் உண்டு. வண்டியின் பாரம் மேலே ஏற ஏற, திடீர் வளைவிலே சாயும் தன்மையும் ஏறும். தாழ்ந்த காரில் எடுக்கும் வேகத்தில் இவ்வண்டியை வளைவில் திருப்புதல் விவேகமன்று. பெரிய சில்லு, பெரிய ரயர். ஆகவே அவற்றை மாற்றும் செலவும் பெரிது.

நோட்டுப் புத்தகம் சொல்லும் கதை

வண்டி வந்த நாளிலேயே ஓர் அப்பியாசக் கொப்பியில் நாலு நிரல்கள் கீறினோம். திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, செலவு. கணக்கில் ஆர்வமுள்ள மூத்த மகளிடம் அக்கொப்பியை ஒப்படைத்தோம். எட்டு வருடத்தில் 1,20,000 கிலோமீற்றர் பதிவாகியுள்ளது.

முதல் மூன்று வருடங்களின் பக்கங்கள் மிகச் சாதாரணமானவை. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில், வடிகட்டிகள், ஆண்டு தோறும் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். இக்காலத்தில் எந்த வண்டிக்காரரிடம் கேட்டாலும் தம் வண்டியைப் போல உலகில் வேறில்லை என்பார். அவர் கூற்றில் அதிகம் நம்பிக்கை வைத்தல் ஆகாது. வண்டியின் குணம் நாலாம் வருடத்தின் பின்னரே வெளிப்படும்.

நாலாம் வருடத்தில் நாலு ரயர்களும் ஒரு சிறிய பற்றறியும் வாங்கப்பட்டன. ஹைபிரிட் வண்டியில் இரண்டு பற்றறிகள் உள என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. மோட்டாரை இயக்கும் பெரிய பற்றறி ஒன்று. வண்டியின் கணினிகளை விழிக்கச் செய்யும் 12 வோல்ற்றுச் சிறிய பற்றறி மற்றொன்று. பெரியது பூரண பலத்துடன் இருந்தாலும் சிறியது இறந்துவிட்டால் வண்டி அசையாது. வாயிற்காவலன் உறங்கிவிட்டால் அரண்மனைக்குள் எவரும் புக முடியாததுபோல.

ஐந்தாம் வருடத்தில் முன்சில்லுப் பக்கமிருந்து 'கடகட' என்ற ஒலி எழுந்தது. சில்லைத் தாங்கும் கைகளின் இறப்பர்ப் பூண்கள் தேய்ந்திருந்தன. எங்கள் ஒழுங்கைகளின் அருளால் இது எந்த வண்டிக்கும் வரக்கூடியதே.

ஆறாம் வருடம் ஒரு சித்திரை வெயிலில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியைப் பார்த்த ஒரு கராஜில், பெரிய பற்றறி முடிந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று கூறி இலட்சக் கணக்கிலே விலை சொன்னார்கள். வேறொருவரிடமும் காட்டிவிட்டே தீர்மானிப்பது என்று மனைவி உறுதியாக நின்றாள். ஹைபிரிட் வேலையிற் பழகிய ஓர் இளைஞர் வண்டியின் பின்புறத் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தார். பற்றறிக்குக் குளிர்காற்று இழுக்கும் விசிறியின் வாயிலே, ஆறு வருடத்துப் புழுதியும் பஞ்சும் கம்பளம்போற் படிந்திருந்தன. பற்றறி வெப்பத்தால் மூச்சுத் திணறியதேயன்றிச் சாகவில்லை. துப்புரவாக்கிய பின் அதே பற்றறி இன்றும் உழைக்கின்றது. பெரிய பற்றறியும் ஒருநாள் தளரும் என்பது உண்மையே. ஆயினும், இலட்சம் என்ற சொல் காதில் விழும்போது, இரண்டாவது அபிப்பிராயம் ஒன்றைக் கேளாமற் பணப்பையைத் திறத்தல் ஆகாது.

கொப்பியிலே சிறிய எழுத்திற் காணப்படும் இரு செலவுகளையும் சொல்லவேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் வெப்பத்திற் கொதித்தால் பிறேக் பிடிக்காது. இரு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகின்றோம். அடுத்தது, றேடியேற்றருக்கு ஊற்றும் குளிர்திரவம். குடாநாட்டுக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அந்த நீரையே எஞ்சினுக்கும் வார்த்தால் அதே படிவு அதன் நுண்ணிய குழாய்களிலும் படியும்.

பங்கீட்டுக் காலம்

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். ஆண்டின் தொடக்கத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. யூன் 26 ஆந் திகதி அது 470 ரூபாவாயிற்று. எங்கள் வண்டியின் தாங்கி 40 லீற்றர் கொள்வது. 7,080 ரூபாவுக்கு நிரம்பிய தாங்கி, ஆறு மாதத்துக்குள் 18,800 ரூபா கேட்டது. யூலை மாதம் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என விதித்தார்கள். 2023 செப்டெம்பர் வரையில் அம்முறை நீடித்தது.

எங்கள் வண்டி லீற்றருக்கு 15 கிலோமீற்றர் அளவில் ஓடுவது. 20 லீற்றரில் 300 கிலோமீற்றர். லீற்றருக்கு எட்டே ஓடும் பழைய ஜீப்புக்கு அதே பங்கீட்டில் 160 மாத்திரமே. ஹைபிரிட்டின் அருமை அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் அன்றோ? ஒரு வாரப் பங்கீட்டிலே ஒருவழிப் பிரயாணமும் முடியாது. தாயாரின் வைத்தியப் பரிசோதனைகள் தவிர மற்றெல்லாவற்றுக்கும் சைக்கிளும் பஸ்சும் ஆயின.

ஓடாத வண்டி தேயாது என்பது பலருடைய எண்ணம். அது பிழையான எண்ணம். நின்ற வண்டியின் சிறிய பற்றறி வடியும். பெரிய பற்றறியும் மெல்ல மெல்லப் பலமிழக்கும். காற்றுக் குறைந்த ரயர் ஒரே இடத்தில் நசுங்கும். தாங்கியிலுள்ள பெற்றோல் பழுதாகும். வாரம் இருமுறை அரை மணி நேரம் வண்டியை விழிக்க வைப்பதை அக்காலத்தில் ஒரு கடமையாகக் கொண்டிருந்தோம். நெருக்கடி நீங்கியபோது அவ்வண்டி முதல் அழைப்பிலேயே எழுந்தது.

பொன்னாக மாறிய இரும்பு

இறக்குமதி நின்ற ஐந்து வருடத்தில் விசித்திரம் ஒன்று நடந்தது. உலகெங்கும் மோட்டார் வண்டி பழையதாக ஆக விலை குறையும், இங்கே ஏறியது. 2022 மார்ச்சின் பின் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது இன்னும் ஏறியது. அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று என்னைக் கேட்டார்.

"தம்பி, இப்ப இதை வித்தால் வாங்கின காசுக்கு மேலே எவ்வளவு வரும் தெரியுமே?"

"தெரியும் அண்ணை. வித்த காசுக்கு இதைப்போல இன்னொன்று வருமே?"

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அக்கேள்வியே முழுக் கணக்கும் ஆகும். மாணவர்கள் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 50 இலட்சத்துக்கு வாங்கிய வண்டி இன்று 80 இலட்சத்துக்கு விலைபோகின்றது என்று வைப்போம். இலாபம் 30 இலட்சம் என்று மனம் துள்ளும். ஆனால் அதே தரத்துப் புதிய வண்டி 140 இலட்சமாயின், மேலும் 60 இலட்சம் கடன்பட வேண்டும். நூற்றுக்கு 12 வட்டியாயின், முதல் வருடத்து வட்டி மாத்திரம் 7 இலட்சத்து 20 ஆயிரம். அதாவது மாதம் 60,000 ரூபா. முதல் கட்டுவது வேறு. பழைய வண்டியைப் பழுதறப் பேண மாதம் 15,000 ரூபா ஒதுக்கினாலும், ஒரு வருடச் செலவு 1 இலட்சத்து 80 ஆயிரமே. இலாபம் என்று தோன்றிய முப்பது இலட்சம் வண்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றது. வண்டியைத் துறந்து நடக்கத் துணிபவருக்கே அது கைக்கு வரும்.

இந்த மயக்கத்தினால் நேர்ந்த தீமை வேறொன்று. வண்டியைப் பொன்னாக எண்ணத் தொடங்கியோர், பொன்னைப்போலவே அதைத் துடைத்து மினுக்கினார்கள். தேயும் பொருளாக அதைக் கருதவில்லை. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியிருந்தமையால், அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தவணை சொன்னார்கள். கல்யாண வீடுகளின் முற்றத்தில் நிற்கும் வண்டிகளைச் சற்றுக் குனிந்து பாருங்கள். மேலே கண்ணாடிபோற் பளபளக்கும். கீழே ரயரின் பக்கச் சுவரில் மயிரிழைபோல வெடிப்புகள் ஓடும்.

ரயருக்கு வயது உண்டு. அதன் பக்கச் சுவரில் ஒரு சிறு வட்டத்துள் நாலு இலக்கங்கள் பொறித்திருக்கும். '2319' என்றிருப்பின், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் உருவாக்கப்பட்டது என்பது பொருள். பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்திற் சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அம்மேட்டைத் தொட்டால் ரயரின் ஆயுள் முடிந்தது. தேயாதிருப்பினும் வயது விடாது. வாகன உற்பத்தியாளர் சிலர் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்வர். ரயர் உற்பத்தியாளர் பலர், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருடத்துக்குமேல் வேண்டாம் என்பர். பழைய இறப்பர், குறைந்த காற்று, நிறைந்த குடும்பம், ஏ-9 வீதியின் நண்பகல் வெயில், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகம் ஆகிய ஐந்தும் ஒன்றுகூடும்போது ரயர் வெடிக்க ஆறாவது காரணம் தேவையில்லை. பின்னாசனத்தில் உறங்கும் பிள்ளைக்கு அவ்வண்டியின் சந்தை விலை எந்தக் காப்பும் தராது.

ஏ-40 கற்பித்த பாடம்

வண்டியை நெடுங்காலம் வைத்திருத்தல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய கலையன்று. 1950 ஆம் ஆண்டுகளில் வந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் வண்டிகள், 1960 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி ஒடுங்கியபோது பேணப்பட்டன. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினார்கள். நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை அவையே.

அவ்வண்டிகள் இரும்பின் உறுதியால் மாத்திரம் நிலைத்தவை அல்ல. அவற்றின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார். வண்டிக்காரரும் அவ்வறிவிற் பங்கு பெற்றிருந்தார். இன்றைய வண்டியின் நோயைக் காதாற் கேட்டு அறிய முடியாது. கணினியோடு தொடுத்து வாசிக்கும் கருவி வேண்டும். அக்கருவி தரும் குறியீட்டின் பொருள் அறிந்தவரும் வேண்டும். ஆனால் எப்போது என்ன மாற்றப்பட்டது என்னும் வரலாற்றை எக்கருவியும் முழுமையாகக் கூறாது. அதைக் கூறவல்லது வீட்டிலுள்ள கொப்பி ஒன்றே. நல்ல மெக்கானிக்கின் முன் அக்கொப்பியை விரித்தால் பாதி வேலை முடிந்தது. என்றேனும் விற்க நேரினும் வாங்குபவர் கேட்கும் முதற் சாட்சி அதுவே.

எப்போது மாற்றுவது?

பழையதைக் கட்டி அழவேண்டும் என்பது என் கருத்தன்று. கடற்காற்றினால் துரு, கதவின் ஓரத்தைக் கடந்து வண்டியைத் தாங்கும் பகுதிகளுக்குப் பரவியிருந்தால், அதனை விட்டுவிடல் வேண்டும். பாகங்கள் கிடையாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியையும், கியர்ப்பெட்டியும் பெரிய பற்றறியும் ஒருங்கே தளர்ந்த வண்டியையும் அவ்வாறே விடலாம். பிள்ளைகள் பெருகிய குடும்பத்துக்கு இடம் போதாவிட்டாலும் மாற்றலாம். அயலார் மாற்றினார் என்பது இவற்றுள் அடங்காது.

வைத்திருப்பதென்று தீர்மானித்தால் அதற்குரிய பணத்தையும் வைத்திருத்தல் வேண்டும். பெற்றோலுக்குக் கொடுக்கும் தொகையிற் பாதியை வேறொரு சேமிப்புக் கணக்கில் இட்டுவருவது எங்கள் வழக்கம். ரயர் மாற்றும் மாதம் அதனால் எங்கள் வீட்டில் துக்க மாதமாக இருப்பதில்லை. புதியது வாங்குவோரும் இதையே கைக்கொள்ளலாம். வாங்கும் விலையை மட்டுமே திரட்டிக்கொண்டு கடைக்குச் செல்லும் குடும்பம், நாலாம் வருடத்தில் ரயரையும் பிறேக்கையும் தவணை சொல்லி ஒத்திவைக்கும் குடும்பமாக மாறுவது எளிது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டி உள்ள வீடுகளில், மாலையிலே பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குச் செல்லுங்கள். ஐந்தாவதாகப் பெட்டிக்குள் கிடக்கும் ரயரையும் மறவாமல், ஒவ்வொன்றிலுமுள்ள நாலு இலக்கங்களையும் வாசித்து ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சை அதன் பிறகு தொடங்கலாம்.